மவுஸை ஆட்டிக்கிட்டே இருங்க

...அதைத்தான் தம்பி நானும் கேக்கறேன். காலங்காத்தால நம்ம போன் குரூப்புல ரோஜாப்பூ படம் போட்டு 'இந்த நாள் இனிய நாளாகட்டும்'னு ஒருத்தர் அனுப்பினா, மொத்த பில்டிங்கும் வரிசையில நின்னு கையைக் கூப்புது. அதே குரூப்புல நான் ஒரு உருப்படியான கம்ப்யூட்டர் டிப்ஸ் போட்டா 'சார் தொந்தரவு பண்றார்'! தொந்தரவாம்! ரோஜாப்பூ பார்த்தா யாரோட கம்ப்யூட்டராவது வேகமா ஓடுமா? ஓடாது. ஆனா ரோஜாப்பூ இருக்கு, நான் இல்லை. நேத்து சாயங்காலம் தூக்கிட்டாங்க. செகரட்டரி ஒரு வார்த்தை சொல்லலை. 'நீங்கள் நீக்கப்பட்டீர்கள்'னு போன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

உள்ள வாங்க, ஏன் வாசல்லயே நின்னுக்கிட்டு... மேல் வீட்டுக்கு இன்னைக்குத்தானே சாமான் இறங்கிச்சு? பார்த்தேன் பார்த்தேன். ஜன்னல் வழியா இல்ல, கேமரா வழியா. பழைய போன் ஒண்ணை வாசக்கதவுக்கு மேல ஒட்டிக் கேமராவா ஆக்கியிருக்கேன். பழைய போனைத் தூக்கிப் போடறவங்க எல்லாம்... சரி, அது அப்புறம். உங்களுக்கு வைஃபைதானே வேணும்? ஆபீசுக்கு ஒரு ஃபைல் அனுப்பணும், அவ்வளவுதானே? இதுக்குப் போய் இப்படித் தயங்கறீங்களே! இந்த பில்டிங்ல டவர் எடுக்காது தம்பி. மொட்டை மாடிக்குப் போய்க் கையைத் தூக்கிப் பிடிச்சா ஒரு கோடு வரும். வீட்டுக்குள்ள வைஃபை இருந்தாத்தான் போனே பேசும். உங்களுக்கு லைன் கொடுக்கறவங்க எப்ப வர்றாங்களாம்? ... ரெண்டு நாள்லயா? ஹஹ்ஹா. நல்லா சொன்னாங்க. நம்பிக்கிட்டே இருங்க.

இந்தப் பக்கம், இந்த ரூமுக்கு வாங்க. ரூட்டர் இங்கதான். பக்கத்துல இருந்தா வேகமா போகும். லேப்டாப்பை இந்த ஸ்டூல்ல வைங்க. பாஸ்வேர்டு சொல்றேன், அடிங்க. 'யாரும் என் நாற்காலியில் உட்காரக் கூடாது.' ... இல்ல இல்ல, நீங்க ஸ்டூல்ல தாராளமா உக்காருங்க! அதான் பாஸ்வேர்டே. இங்கிலீஷ் எழுத்துல தமிழ். நடுவுல இடம் விடாதீங்க. 'ஏ' வர்ற எடமெல்லாம் வட்டம் போட்ட ஏ. கடைசியில ஒரு ஆச்சரியக்குறி. ... தப்புன்னு வருதா? 'நாற்காலி'க்கு ரெண்டு ஏ போட்டீங்களா? போடணும், நெடில் இல்லையா. ... ஆங், வந்துடுச்சு பார்த்தீங்களா! இப்படித்தான் இருக்கணும் பாஸ்வேர்டு. திருடன் வந்தாலும் டைப் அடிச்சே களைச்சுப் போயிடுவான்.

இதையேதான் தம்பி குரூப்புலயும் சொன்னேன். பாஸ்வேர்டு ஒரு வாக்கியமா, நீளமா இருக்கணும், எங்கயும் எழுதி வைக்கக் கூடாதுன்னு. நம்ம செகரட்டரி உடனே கேட் கேமராவுக்கு நீளமா ஒரு பாஸ்வேர்டு வச்சார். எங்கயும் எழுதி வைக்கலை. ரொம்ப ஒழுங்கு! மனசுல வச்சுக்கணும்னு நான் சொல்லலையாம். அதையும் நானேதான் சொல்லணுமா? இப்ப கேட்ல யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு கேமராவுக்கு மட்டும்தான் தெரியும். பழி யார் மேல? டிப்ஸ் மாமா மேல. ஆமா, அப்படித்தான் எனக்குப் பேர் வச்சிருக்காங்க. முதுகுக்குப் பின்னாடி. முன்னாடி 'சார்'.

அப்புறம் அந்த மூணாவது மாடி பல் டாக்டரம்மா. கீபோர்டு அழுக்கானா பழைய டூத் பிரஷ்ஷால சுத்தம் பண்ணலாம்னு போட்டேன். அருமையான டிப்ஸ், இல்லையா? டாக்டரம்மா கிளினிக் கீபோர்டைத் தேய்ச்சிருக்காங்க. கைப் பழக்கம் பாருங்க, பேஸ்ட் தடவித் தேய்ச்சிருக்காங்க! வாய் கொப்பளிக்க வச்சாங்களான்னு நான் கேக்கலை. கேக்கணும்போல இருந்தது.

ஃபைல் எவ்வளவு போயிருக்கு? ... கால்வாசியா? போகும் போகும், பெரிய ஃபைல் போல. அதுவரைக்கும் ரூமைப் பாருங்க. இது முதல்ல என் பொண்ணு ரூம். வேலை கிடைச்சு வேற ஊருக்குப் போயிட்டா. காலியாத்தானே கிடக்குதுன்னு என் சாமானை இங்க கொண்டாந்தேன். இப்ப இந்த டேபிளைப் பாருங்க. ஒரு ஒயர் கண்ணுக்குத் தெரியுதா? சொல்லுங்க, தெரியுதா? தெரியாது! எல்லாம் கீழே அந்த ஷூ பெட்டிக்குள்ள. பக்கவாட்டுல ஓட்டை போட்டு, உள்ள எல்லாத்தையும் சுருட்டி வச்சு, மூடி போட்டு டேப் ஒட்டிட்டேன். எது எங்க போகுதுன்னு எனக்கே தெரியாது, அவ்வளவு சுத்தம்.

சார்ஜர் ஒயர் கழுத்துல பாருங்க, பேனா ஸ்பிரிங். மடங்காது, பிய்யாது. என் பழைய லேப்டாப்புக்கு அடியில நாலு பாட்டில் மூடி, சூடு ஏறாம இருக்க. டேபிள் ஓரத்துல பேப்பர் கிளிப் மாட்டி, அதுக்குள்ள ஹெட்போன் ஒயரு. இது சின்ன ஃபேன், கம்ப்யூட்டர்லயே சொருகறது. இதை மட்டும் கேக்காதீங்க. படத்துல போட்டிருந்ததைப் பார்த்தா வீடே குளிர்ந்து போயிடும்னு நினைச்சேன். காத்தே வராது. இப்படியும் அப்படியும் தலையை மட்டும் ஆட்டும். நான் என்ன சொன்னாலும் ஆமா ஆமான்னு தலையாட்டற ஒரே ஜீவன் இந்த வீட்டுல அதுதான், அதனால வச்சிருக்கேன்.

ஆனா தம்பி, நிஜமான சரக்கு அந்த ஷூ பெட்டிக்குள்ளதான் இருக்கு. ஸ்மார்ட் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். பேரு புத்திசாலி பாக்ஸ்னு நான் வச்சிருக்கேன். ஒரு சாக்கெட்டுல கம்ப்யூட்டரைச் சொருகணும், மத்ததுல மத்ததெல்லாம். மானிட்டர், ஸ்பீக்கர், பிரிண்டர், டேபிள் லைட், எல்லாம். கம்ப்யூட்டர் தூங்கப் போச்சுன்னா, அது பார்த்துக்கிட்டே இருந்து, மத்த எல்லாத்தையும் 'டக்'குனு அணைச்சிடும். கம்ப்யூட்டர் முழிச்சா, மறுபடி 'டக்'. யாரும் சுவிட்ச் தேடிக் குனிய வேண்டாம். என் கம்ப்யூட்டர் சீக்கிரம் தூங்கற மாதிரி வச்சிருக்கேன். நான் எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள தூங்கிடும். அதுவும் டிப்ஸ்தான். கரண்டும் மிச்சம், பாதுகாப்பும் ஆச்சு. அந்த 'டக்' சத்தம் கேக்கும்போதெல்லாம் எனக்கு மனசுக்குள்ள ஒரு சந்தோஷம் தம்பி. வீட்டம்மாவுக்கு அதெல்லாம் புரியாது. 'பல்லி சத்தம் மாதிரி இருக்கு'ங்கறா.

அதோ கூப்பிடறா பாருங்க, டீ போட்டுட்டாளாம். வாங்க, ஹாலுக்குப் போவோம். லேப்டாப்பைக் கையோட எடுத்துக்கோங்க, அது பாட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கட்டும். ஹால் வரைக்கும் நல்லா எடுக்கும். என் ரூட்டர் எடுக்காமலா? ... உக்காருங்க, அந்தத் தலகாணியைத் தள்ளிட்டு உக்காருங்க. சர்க்கரை போதுமா?

வீட்டம்மா போனைப் பார்க்கறீங்களா? ஆமா, கேமரா மேல டேப். நான்தான் ஒட்டினேன். யார் எங்கிருந்து எட்டிப் பார்ப்பான்னு யாருக்குத் தெரியும்? இவ பொண்ணுகிட்டப் பேசறப்ப பிச்சிடுவா, நான் மறுபடி ஒட்டுவேன். அவ பிய்ப்பா, நான் ஒட்டுவேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து எங்களுக்குள்ள ஒத்துமையா நடக்கற வேலை இது ஒண்ணுதான்.

பொண்ணுன்னதும் ஞாபகம் வருது... ம். இல்ல, நல்லா இருக்கா. நல்லாத்தான் இருக்கா. தினமும் சாயங்காலம் அவ அம்மாவைக் கூப்பிடுவா. வேலை, சாப்பாடு, கூட இருக்கற பொண்ணு குறட்டை விடறது, எல்லாக் கதையும் ஆகும். நான் ரூம்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து கேட்டுக்கிட்டே இருப்பேன். சிரிப்பு சத்தம் கேக்கும். அப்புறம் இவ, 'இருடி, அப்பாகிட்டக் கொடுக்கறேன்'ம்பா. நான் எந்திரிச்சு வருவேன். 'என்னம்மா, எப்படி இருக்கே?'ம்பேன். 'நல்லா இருக்கேன்ப்பா'ம்பா. நான் வேலையைப் பத்திக் கேப்பேன், அவ ஏதோ சொல்லுவா. 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்'னு ஆரம்பிப்பா. ஆரம்பிச்ச உடனே...

கட்.

ஆமா தம்பி. கட் பண்ணிடுவா. ஒருநாள் ரெண்டுநாள் இல்ல, அவ போனதுலேர்ந்து இப்படித்தான். நானும் முதல்ல 'லைன் சரியில்லை'னு நினைச்சேன். லைன் சரியில்லைன்னா அம்மாகிட்டப் பேசும்போதும் கட் ஆகணுமில்ல? ஆகாது! மணிக்கணக்கா பேசுவா, ஒரு விக்கல் இருக்காது. என் குரலைக் கேட்டாத்தான் அவளுக்குக் கை தானா அந்த சிவப்பு பட்டனுக்குப் போகும். இன்னும் கேளுங்க வேடிக்கையை. கட் ஆனதும் எனக்கு எரிச்சல் வரும், போனை இவகிட்டக் கொடுத்துட்டு ரூமுக்குப் போய்க் கம்ப்யூட்டர்ல உக்காந்துடுவேன். உக்காந்து கொஞ்ச நேரம்தான் ஆகும், இங்க ஹால்ல போன் அடிக்கும். யாரு? அவதான்! 'என்னம்மா, கட் ஆயிடுச்சு'ன்னு அம்மாகிட்ட மறுபடி ஆரம்பம்! நான் போயிட்டேனான்னு பார்த்துக் கூப்பிடறா தம்பி. இதுக்கு மேல ஆதாரம் வேணுமா? இப்பல்லாம் நான் எந்திரிச்சு வர்றதையே விட்டுட்டேன். 'வாங்க, பேசுங்க'ம்பா இவ. 'எனக்கு வேலை இருக்கு'ம்பேன். என்ன வேலை? நேத்து சுத்தம் பண்ண கீபோர்டை இன்னைக்கும் சுத்தம் பண்ற வேலை.

ஏன் கோபம்னு கேக்கறீங்களா? கேக்கலையா? சரி, சொல்றேன். அவ லேப்டாப் மெதுவா இருக்குன்னு புலம்பினா. நான் அப்பன், கை கட்டிப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? முதல் டிப்ஸ் என்ன, வேண்டாத ஃபைலை அழிக்கறது. திறந்து பார்த்தா ஒரே பேர்ல ஏழெட்டு ஃபைல் தம்பி. 'கடைசி', 'கடைசி ரெண்டு', 'கடைசியோ கடைசி', 'இதுதான் கடைசி', 'இதுதான் நிஜமாவே கடைசி'... நீங்களே சொல்லுங்க, ஒரு மனுஷிக்கு எத்தனை கடைசி இருக்க முடியும்? 'கடைசி'ன்னு சுத்தமா, நேர்மையா பேர் வச்சிருந்த ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை அழிச்சுட்டேன். குப்பைத் தொட்டியையும் காலி பண்ணினேன், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. அதுல பார்த்தா, நான் வச்சதுதான் முதல்ல பண்ணினதாம்! படிப்பு முடிக்கறதுக்கான ப்ராஜெக்டாம், மறுநாள் கொடுக்கணுமாம். அழுதுக்கிட்டே மறுபடி உக்காந்து பண்ணினா. 'இனிமே என் பொருள் எதையும் தொடாதீங்கப்பா'ன்னா. பேர் வைக்கத் தெரியாதது அவ தப்பா, என் தப்பா? ... சரி. டீயைக் குடிங்க.

அதுக்காக மனசுல வச்சுக்கிட்டு இத்தனை நாளா அப்பன்கிட்டப் பேசாம... நான் தினமும் காலையில அவளுக்கும் டிப்ஸ் அனுப்பறேன் தம்பி. குரூப்புல போடறதுக்கு முன்னாடி அவளுக்குத்தான். பதிலுக்குக் கட்டை விரல் அனுப்புவா. வெறும் கட்டை விரல். பெத்து வளர்த்ததுக்கு ஒரு கட்டை விரல் கிடைச்சுது.

ஆங், கேட்டீங்களா! 'டக்'! கேட்டுச்சா? அதான் நான் சொன்ன புத்திசாலி பாக்ஸ். கம்ப்யூட்டர் தூங்கிடுச்சு, எல்லாம் அணைஞ்சிடுச்சு. எப்படி? அழகா இல்லை?

...என்ன? ஃபைல் நின்னு போச்சா? அது உங்க லேப்டாப் தம்பி. முதல்ல ஒருதடவை அணைச்சுப் போடுங்க. உலகத்துல பாதிப் பிரச்சனை அணைச்சுப் போட்டா போயிடும். மீதிப் பாதி அணைச்சே வச்சா போயிடும். ... அணைச்சுப் போட்டும் வரலையா? வைஃபை பேரே காட்டலையா? அதெப்படி காட்டாம இருக்கும், 'டிப்ஸ் இல்லம்'னு இருக்கும் பாருங்க. இல்லையா? இருங்க, நான் போய் ரூட்டரைப் பார்க்கறேன். கூட வாங்க.

பாருங்க, ரூட்டர்ல எல்லா விளக்கும் எரியுதே! ... ஆமா, இப்பதான் மவுஸைத் தொட்டேன், மானிட்டர் வந்துது, அதனால என்ன? ... உங்களுக்கும் வந்துடுச்சா? சொல்லலை? என் கை பட்டா வரும் தம்பி. இந்த வீட்டுல இது பழைய கதை. நான் கடைக்குப் போனா நெட் வரலைன்னு இவ புலம்புவா. நான் வந்து உக்காந்தா பிரமாதமா வரும். நெட்டுக்கே என்னைக் கண்டா ஒரு பயம். இவளுக்கு உபயோகிக்கத் தெரியலைன்னு சொன்னா கோபம் வருது. சரி வாங்க, டீ ஆறுது.

எங்க விட்டேன்? கட்டை விரல். ஆமா. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு... இல்ல, உங்களைச் சொல்லலை, நீங்க பொறுமையா கேக்கறீங்க. அவளும் சின்ன வயசுல கேப்பா. என் நாற்காலியில ஏறி உக்காந்துக்குவா. இறங்க மாட்டா. 'இந்த பட்டன் என்ன பண்ணும்ப்பா? அந்த பட்டன் என்ன பண்ணும்ப்பா?' ஒருநாள் நான் பார்க்காத நேரம் கீபோர்டுலேர்ந்து எழுத்தையெல்லாம் பிடுங்கி ஏ, பி, சி, டி வரிசையில மாட்டி வச்சிருந்தா. 'தப்புத் தப்பா இருந்துச்சு, சரி பண்ணிட்டேன்'னா! நான் திட்டவே இல்லை தம்பி. ஒரு வார்த்தை திட்டலை. அன்னைக்குத்தான் இந்த பாஸ்வேர்டே வச்சேன், 'யாரும் என் நாற்காலியில்...'

'டக்'. ம்ம், மறுபடி தூங்கிடுச்சு. நல்ல பாக்ஸ்.

...மறுபடி போச்சா? என்ன தம்பி உங்க லேப்டாப், இவ்வளவு மோசமா... என்ன? ஏன் அந்த ரூமைப் பார்க்கறீங்க? ... 'டக்'னா? ஆமா, டக்னா மானிட்டர், ஸ்பீக்கர், பிரிண்டர், டேபிள் லைட்... ரூட்டரா? சே சே. ரூட்டரை நான் அதுல சொருகவே இல்லை. ரூட்டர் முதல்ல ஹால்ல இருந்தது, சுவத்துல. பொண்ணு போனப்புறம் ரூமுக்குக் கொண்டாந்தேன், ஷூ பெட்டி வழியா ஒயரை விட்டு... வேற எங்கயாவதுதான் சொருகியிருப்பேன். இருங்க. இருங்க, கத்திரிக்கோல் எடுத்துட்டு வர்றேன், டேப்பை வெட்டித்தான் திறக்கணும். நல்லா இறுக்கி ஒட்டித் தொலைச்சிருக்கேன்.

மவுஸைத் தொட்டுட்டேன், பாக்ஸ் முழிச்சாச்சு. மூடி திறந்தாச்சு. இது பிரிண்டர். இது ஸ்பீக்கர். இது டேபிள் லைட். இந்தக் கறுப்பு ஒயர்... இதைப் பிடிச்சுக்கிட்டே மேல போனா... மேல போனா...

ம்.

இந்த பாக்ஸ் பண்ணினவனைச் சொல்லணும் தம்பி! 'ரூட்டரை இதில் சொருகாதீர்கள்'னு மேல கொட்டை எழுத்துல போட வேண்டாமா? போட்டிருக்கானா பாருங்க. ... போட்டிருக்கானா? எங்க? அந்த இடத்துல நான்தான் 'புத்திசாலி'ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேனா? அப்ப அந்த வீடியோக்காரன்! 'எல்லா ஒயரையும் ஒரே பெட்டியில் ஒளித்து வையுங்கள்'னு அவன்தான் சொன்னான். ஒளிச்சு வச்சேன். என்கிட்டேர்ந்தே ஒளிச்சு வச்சுட்டேன்.

கொஞ்சம் இருங்க தம்பி. ஒண்ணு யோசிக்கறேன்.

நான் கம்ப்யூட்டர்ல உக்காந்திருந்தா ரூட்டர் ஓடும். அம்மாவும் பொண்ணும் மணிக்கணக்கா பேசுவாங்க. நான் எந்திரிச்சு ஹாலுக்குப் போனா, ஒரு டம்ளர் தண்ணி குடிக்கற நேரத்துல கம்ப்யூட்டர் தூங்கும். 'டக்'. ரூட்டர் போகும். 'அப்பா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்'... கட். நான் எரிச்சல்ல வந்து மறுபடி இங்க உக்காருவேன். மவுஸைத் தொடுவேன். ரூட்டர் வரும். போன் அடிக்கும்.

அப்ப அவ கட் பண்ணலையா?

அவ ஒருநாளும் கட் பண்ணலையா தம்பி? நான் எந்திரிச்சுப் போனதுனாலதான்... அவகிட்டப் பேசணும்னு இந்த நாற்காலியை விட்டு எந்திரிச்சதுனாலயா? நான் கட் பண்றேன்னு இத்தனை நாளா அவ நினைச்சிருப்பாளே! 'ஒண்ணு கேக்கணும்'னு வாயைத் திறந்தாலே அப்பன் வச்சுடறான்னு...

இல்ல, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி. ஷூ பெட்டிக்குள்ள எவ்வளவு தூசி பாருங்க, இதைச் சுத்தம் பண்ணவே இல்லை. ஊர்ல உள்ள கீபோர்டுக்கெல்லாம் பிரஷ் போடச் சொன்னேன்.

பிடுங்கி சுவத்துல சொருகிடறேன். இதோ, ஒரு நிமிஷ வேலை... அய்யோ, போன் அடிக்குது! அவதான். இந்த நேரத்துக்கு அவதான். எடுத்துட்டா பாருங்க, இவ எடுத்துட்டா! தம்பி, இப்ப ரூட்டரைப் பிடுங்கினா இதுவும் கட் ஆயிடும். பிடுங்காதீங்க! கையை எடுங்க! ... நான் போய்ப் பேசிட்டு வர்றேன். ஆனா நான் போனா கம்ப்யூட்டர் தூங்குமே! ... தம்பி, ஒரு உதவி. ஒரே ஒரு உதவி. இதுல உக்காருங்க. ஆமா, என் நாற்காலியிலதான், பாஸ்வேர்டு கிடக்குது, உக்காருங்க! இந்த மவுஸைப் பிடிங்க. இப்படி, மெதுவா, இந்தப் பக்கம் அந்தப் பக்கம். நிறுத்தக் கூடாது. உங்க ஃபைலும் போய்ச் சேரும், என் பேச்சும் போய்ச் சேரும். மவுஸை ஆட்டிக்கிட்டே இருங்க!

கொடு, போனைக் கொடு. என்னது, தானா வந்து கேக்கறேனா? ஆமா, தானாத்தான் வந்து கேக்கறேன், கொடேன்!

அலோ? என்னம்மா, எப்படி இருக்கே? ... முகம் தெரியலையா? இரு, நான் ஒட்டின டேப், இன்னைக்கு அம்மா பிய்க்க மறந்துட்டா. இதோ... பிச்சாச்சு. தெரியுதா? ... ஆமா, நரைச்சுதான் போச்சு. நீ இளைச்சிருக்கே.

தம்பி! ஆட்டறீங்களா?

இல்லம்மா, உன்னை இல்ல. மேல் வீட்டுத் தம்பி, புதுசா வந்திருக்காரு, மவுஸ் ஆட்டறாரு. ... பெரிய கதை, அப்புறம் சொல்றேன். நான் கட் பண்ணலைம்மா. முதல்ல அதைக் கேட்டுக்கோ. எப்பவுமே நான் கட் பண்ணலை. ... நீயும் பண்ணலையா? தெரியும். இப்பதான் தெரியும். நீ ஏதோ கேக்கணும்னியே? தினமும் ஆரம்பிப்பியே, என்ன அது? சீக்கிரம் சொல்லு, எப்ப 'டக்'கும்னு தெரியாது.

...லேப்டாப்பா?

மெதுவா இருக்கா? அதுக்கு என்ன பண்றதுன்னு... என்கிட்டயா கேக்கறே? இத்தனை நாளா இதைக் கேக்கத்தானா? அங்க ஆபீஸ்ல அத்தனை பேர் இருக்கும்போது... 'நீங்கதானேப்பா சரி பண்ணுவீங்க'ன்னா... சரி சரி. கேளு. முதல் டிப்ஸ் என்னன்னா, வேண்டாத ஃபைலை எல்லாம்...

இல்ல. வேணாம். வேணாம்மா, ஒண்ணையும் அழிக்காதே. எத்தனை கடைசி இருக்கோ அத்தனையும் இருக்கட்டும். மெதுவாத்தானே இருக்கு? இருந்துட்டுப் போகட்டும். அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டு வா. நான் தொட மாட்டேன். நீ பக்கத்துல உக்காந்து சொல்லு, எதைத் தொடலாம்னு.

தம்பி! நிறுத்திடாதீங்க, நல்லாப் போகுது! ... தம்பி?

என்னடி சொல்றே? போயிட்டாரா? எப்ப? ஃபைல் போயிடுச்சுன்னு உன்கிட்ட சொல்லிட்டு அப்பவே மாடி ஏறிட்டாரா? அப்ப ரூம்ல யாரு... இரும்மா, ஒரு நிமிஷம், போனோட வர்றேன்.

அட! இங்க பாரு, உனக்குக் காட்டறேன், தெரியுதா? அந்தக் காத்து வராத ஃபேன் இருக்கில்ல, அது கழுத்துல மவுஸ் ஒயரை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிட்டுப் போயிருக்காரு. அது தலையாட்டுது, மவுஸை இழுத்துக்கிட்டே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போகுது. இத்தனை நாள் இந்த டிப்ஸ் எனக்குத் தோணலையே! இதை மட்டும் அந்தக் குரூப்புல போட்டிருந்தா... ஆமா, தூக்கிட்டாங்க என்னை. உனக்கு யார் சொன்னா? அம்மாவா? சிரிக்காதே. சிரி, சிரி, பரவாயில்லை.

என் நாற்காலியில உக்காந்துட்டேன். இல்ல, எங்கயும் போகலை. வேலை ஒண்ணும் இல்லை. அந்தக் குறட்டை விடற பொண்ணு என்ன ஆனா, அதைச் சொல்லு. நான் வாயைத் திறக்கலை. நீ பேசு.